நாடு (சொல்)

நாடு என்பது தமிழ், மலையாளம், கன்னடம், துளு, குடகு, படகு, தெலுங்கு ஆகிய மொழிகளில் வழங்கும் பொதுச்சொல். பயிர் விளையும் நிலம், சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம், சாதியின் ஆட்சி எல்லை, சொந்த ஊர், அரசனின் ஆட்சிப்பகுதி, மாநிலம், தேசம் என இதன் பொருள் மொழிக்கு மொழி, காலத்துக்குக் காலம் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. இன்றைய தமிழில் இந்தியாவும் நாடு, தமிழ்நாடும் நாடு. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஒன்றியத்தில் உள்ள 14 ஊராட்சிகளும் நாடுகளே. இந்த மூன்று அளவுகளும் ஒரே காலத்தில் வழக்கில் இருப்பதால் சேலம், நாமக்கல் பகுதி இச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்பதற்கு வாய்ப்பான இடம்.

வடிவமும் வேரும்

மலையாளத்திலும் தமிழிலும் நாடு, கன்னடத்திலும் துளுவிலும் நாடு, குடகு மொழியில் நாட் என்பதற்கு நெருங்கிய ஒலி என வடிவம் பெரிதாக மாறவில்லை. இறுதியில் உள்ள உகரம் குறுகி ஒலிப்பதால் ஆங்கிலேய அலுவலர்கள் அதைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டனர். அவர்களின் ஆவணங்களில் ஏற்காட்டு மலையின் நாடுகள் ‘சாலநாட்’, ‘மோகநாட்’ என்றும், மலபாரின் ஏறநாடு ‘ஏர்நாட்’ என்றும் பதிவாயின.

வேர் குறித்துப் பல கருத்துகள் உண்டு. நாடுதல் என்றால் தேடிச் செல்லுதல். மக்கள் நாடி வந்து வாழும் இடம் நாடு என்பது தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லிவரும் விளக்கம். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் இது சொல்லின் பழைய பயன்பாட்டை விளக்குவதில்லை. நடுதல் என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கும் விளக்கம் அதைவிட வலுவானது. நடு, நாற்று, நாட்டு (ஊன்றி நிறுத்து) என்ற சொற்குடும்பத்தில் நாடும் சேர்ந்தால் ‘நட்டுப் பயிர் செய்யும் நிலம்’ என்பது அதன் முதற்பொருளாகும். கன்னடத்தில் நாற்று நடுவதற்கு இன்றும் ‘நாட்டி’ என்றே பெயர். மலையாள அகராதிகள் நாடு என்பதற்கு முதலில் தரும் பொருள்களில் ஒன்று பயிரிடப்பட்ட நிலம் என்பது. தமிழிலும் காடு என்பதற்கு எதிர்ச்சொல்லாக நாடு நின்றிருக்கிறது.

தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பிற்காலத்தில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரானார். திராவிட மொழிகளின் இனச்சொற்களைத் தொகுத்த பரோ, எமனோ ஆகியோரின் அகராதி 1961-ல் முதலில் வெளியானது. பாவாணரின் நோக்கும் அவர்களின் நோக்கும் அடிப்படையில் வேறு. பாவாணர் ஒரு சொல் ஏன் அப்பொருளைப் பெற்றது என்று கேட்டார். பரோவும் எமனோவும் எந்தெந்த மொழிகளில் அது உள்ளது என்று பட்டியலிடுவதோடு நிறுத்திக்கொண்டனர். நாடு போன்ற சொல்லுக்கு இரண்டு கேள்விகளும் தேவைப்படுகின்றன.

தெலுங்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே நாடு என்பது நிலப்பகுதியையும் குறிக்கும், நாளையும் குறிக்கும். ‘ஆ நாடு’ என்றால் அந்த நாள். இந்த இரண்டாவது நாடு தமிழின் நாள் என்ற சொல்லுக்கு இனமானது. ஒலி ஒத்துப்போனதால் இரண்டும் ஒரே உருவம் பெற்றன. 1974-ல் விசாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட ‘ஈநாடு’ நாளிதழின் பெயர் ‘இன்று’ என்றும் ‘இந்த நாடு’ என்றும் பொருள்படுவது இந்த ஒற்றுமையால்தான். ஆந்திர அரசின் பள்ளிச் சீரமைப்புத் திட்டமாக இருந்த ‘நாடு நேடு’ என்பதில் வருவது நாள் என்ற பொருளுடைய நாடு. ‘அன்று, இன்று’ என்பது அதன் பொருள். தமிழர் பலர் அதைத் தேசம் என்று நினைத்துப் படிப்பது இயல்பான பிழை.

நாடும் காடும்

சங்கப் பாடல்களில் நாடு என்பது பெரும்பாலும் ஒரு தலைவனின் ஆளுகைப் பகுதி. அளவு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பாரியின் பறம்பு நாடு 300 ஊர்களைக் கொண்டிருந்ததாகப் புறநானூறு கூறுகிறது. மூவேந்தரின் பரந்த நிலமும் நாடு, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் மலைப்பகுதியும் நாடு. ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று நாட்டையும் காட்டையும், பள்ளத்தையும் மேட்டையும் இணை இணையாக நிறுத்துகிறது. விளைநிலமும் குடியிருப்பும் உள்ள இடம் ஒரு புறம், விளையாத இடம் மறுபுறம் என்ற பகுப்பு அதில் தெளிவாக உள்ளது.

இந்தப் பகுப்பு சேலம், நாமக்கல் பேச்சுவழக்கில் பின்னர் தலைகீழானது. இப்பகுதியிலும் கொங்கின் பிற இடங்களிலும் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் வனத்துக்குப் போவதல்ல, தன் நிலத்துக்குப் போவது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், மழையை நம்பியது காடு. மானாவாரியாகச் சோளமும் நிலக்கடலையும் விளையும் மேட்டுக்காடு. மரக்காட்டை வெட்டித் திருத்தி உழவு செய்த பிறகும் நிலத்தின் பழைய பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. கொல்லிமலையில் சந்தை கூடும் ஊருக்குச் சோளக்காடு என்று பெயர். ஆக, பழைய இலக்கியத்தில் உழவின் அடையாளமாக இருந்த சொல் நாடு. இந்தச் சமவெளியில் உழவனின் நாவில் அந்த இடத்தைக் காடு எடுத்துக்கொண்டது.

கல்வெட்டுகளில் நாடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊருக்கு மேலும் மண்டலத்துக்குக் கீழும் உள்ள அலகு. ஒவ்வொரு நாட்டிலும் பல ஊர்கள் இருந்தன. பெரும்பாலும் அவற்றுள் ஒன்றின் பெயரே நாட்டுக்கும் வழங்கியது. நாட்டின் நிலவுடைமையாளர்கள் கூடிய அவைக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் நாட்டார் என்று பெயர். வரி, நீர்ப்பங்கு, கோயில் கொடை ஆகியவற்றில் நாட்டார் முடிவெடுத்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

நாடு அரசன் வகுத்த பிரிவா, உழவர் குடியிருப்புகள் தாமாகச் சேர்ந்து உருவானதா என்பது வரலாற்றாய்வில் முக்கியமான கேள்வி. எ. சுப்பராயலு 1973-ல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் நூலில் கல்வெட்டுகளில் வரும் ஊர்களை வரைபடத்தில் குறித்து நாடுகளின் எல்லையைக் கண்டறிந்தார். அவை ஒரே அளவில் இல்லை. ஆற்றுப்பாசனம் செழித்த இடங்களில் சிறியனவாக நெருங்கியும், வறண்ட இடங்களில் பெரியனவாக விலகியும் இருந்தன. ஆறு எல்லையாக அமையாமல் நாட்டின் நடுவே ஓடுவதும் உண்டு. தலைநகரில் இருந்துகொண்டு கோடு போட்டவர் இப்படிப் போட்டிருக்க மாட்டார் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. பர்ட்டன் ஸ்டைன் இந்தத் தரவுகளை எடுத்துக்கொண்டு, சோழப் பேரரசு என்பதே தன்னாட்சி கொண்ட நாடுகளின் தொகுப்புதான் என்று 1980-ல் வாதிட்டார். அவ்வளவு தூரம் போக மற்ற ஆய்வாளர்கள் உடன்படவில்லை. முதலாம் இராஜராஜன் தன் பட்டப்பெயர்களைச் சூட்டிப் பல நாடுகளை ஒன்றாக்கி வளநாடுகளை அமைத்தது அரசின் கை அங்கே எட்டியிருந்ததைக் காட்டுகிறது. ஆனால் வளநாடுகளின் பெயர்கள் அரசர்களோடு மாறின, மறைந்தன. நாடுகளின் பெயர்கள் நின்றன.

சமவெளியின் நாடுகள்

கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது மரபு. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் இந்த மரபைப் பதிவு செய்த நூல். அதைக் குறிப்புகளுடன் பதிப்பித்தவர் திருச்செங்கோட்டைச் சேர்ந்த தி. அ. முத்துசாமிக் கோனார். 24 நாடுகளின் பட்டியலில் இராசிபுர நாடு, வாழவந்தி நாடு, பூந்துறை நாடு ஆகியவை இன்றைய நாமக்கல் மாவட்டத்தோடு தொடர்புடையவை. எண்ணிக்கை 24 என்று நின்றாலும் ஒரு நாட்டுக்குள் இணைநாடுகள் இருந்தன. பருத்திப்பள்ளி நாடு, ஏழூர் நாடு போன்ற பெயர்கள் அப்படி வந்தவை.

பூந்துறை நாடு தனிக் கவனத்துக்குரியது. பூந்துறை என்ற ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்நாடு காவிரியின் இரு கரைகளிலும் பரவியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் மேல்கரைப் பூந்துறை நாடு, திருச்செங்கோட்டுப் பக்கம் கீழ்கரைப் பூந்துறை நாடு. இன்று அதே காவிரி ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களின் எல்லையாக இருக்கிறது. பள்ளிபாளையம் பாலத்தைக் கடப்பவர் இன்று மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறார். பழைய கணக்கில் அவர் ஒரே நாட்டுக்குள் கரை மாறுகிறார். சோழநாட்டில் சுப்பராயலு கண்ட அதே இயல்பு இங்கும் உள்ளது.

சேலத்தின் கிழக்கே நிலைமை வேறு. வசிஷ்ட நதிக்கரையில் உள்ள ஆறகளூர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர்களின் இருப்பிடம். அவர்களின் ஆட்சிப்பகுதி மகதை நாடு எனவும் மகதை மண்டலம் எனவும் வழங்கியது. கொங்கு மரபின் 24 நாடுகளுக்குள் இது அடங்காது. இன்று சேலம் மாவட்டம் என்ற ஒரே பெயருக்குள் கொங்கும் மகதையும் சேர்ந்து கிடப்பதால், ‘சேலம் கொங்கா இல்லையா’ என்ற கேள்விக்கு மாவட்டத்தின் மேற்கில் ஒரு விடையும் கிழக்கில் வேறொரு விடையும் கிடைக்கின்றன.

நிலத்தோடு ஒட்டிய நாடு போலவே சாதியோடு ஒட்டிய நாடும் இருந்தது. நெசவுத்தொழில் செய்த கைக்கோளர் எனப்படும் செங்குந்தர் தங்கள் சமூகத்தை 72 நாடுகளாகப் பகுத்திருந்தனர். அவற்றுக்கு மேல் நான்கு திசைநாடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் காஞ்சிபுரத்தில் மகாநாடு. சேலமும் திருச்செங்கோடும் ஈரோடும் உள்ளிட்ட நெசவு ஊர்களில் இந்த அமைப்பின் நினைவு 20ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. மாட்டிசன் மைன்ஸ் 1984-ல் வெளியான தன் நூலில் இதை ஆராய்ந்தார். மாநாடு என்று இன்று கட்சிகளும் சங்கங்களும் கூட்டும் பெருங்கூட்டத்தின் பெயர் இந்த ‘மகாநாடு’ என்பதன் சுருங்கிய வடிவம். நாடு என்பது இடத்தை மட்டுமல்லாமல் கூடியிருக்கும் மக்களையும் குறித்ததன் எச்சம் அது.

நாயக்கர் காலம் முதல் வருவாய்க் கணக்கில் சீமை என்ற சொல் நாட்டின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். பழைய சேலம் மாவட்டம் தலைகாட், பாராமகால், பாலாகாட் என்ற மூன்று பகுதிகளாகப் பேசப்பட்டது. நிர்வாகம் தாலுகாக்களில் நடந்தது. சமவெளியில் நாடு என்ற சொல் அதன் பிறகு குலதெய்வக் கோயில் அழைப்பிதழ்களிலும் சாதிக் கூட்டங்களிலும்தான் தொடர்ந்தது.

மலைமேல் நாடுகள்

மலையில் அப்படி நடக்கவில்லை. ஆலத்தூர் நாடு, அரியூர் நாடு, எடப்புளி நாடு, குண்டனி நாடு, குண்டூர் நாடு, சித்தூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு, திருப்புளி நாடு, தேவானூர் நாடு, பெரக்கரை நாடு, பைல் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்பவை கொல்லிமலை ஒன்றியத்தின் ஊராட்சிகள். அறப்பளீசுவரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். குடும்ப அட்டையிலும் சாதிச் சான்றிதழிலும் வாக்காளர் பட்டியலிலும் இந்நாடுகளின் பெயர்கள் அச்சாகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டு வெட்டிய எழுத்தர், ஊருக்கு மேலுள்ள அலகை இதே முறையில்தான் எழுதியிருப்பார்.

வாழவந்தி நாடு என்ற பெயர் இரண்டு இடங்களில் வருவது கவனிக்கத்தக்கது. கீழே மோகனூர் வட்டாரத்தில் உள்ளது கொங்கின் 24 நாடுகளுள் ஒன்று. மேலே இருப்பது கொல்லிமலை ஊராட்சி. பெயர்கள் மலையேறியதற்கு மக்களே காரணமாக இருக்கலாம். இம்மலைகளில் வாழும் மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்றும், அவர்கள் ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்றும் சொல்கின்றனர். இவர்களின் மொழி தமிழ். மலையாளி என்பது இங்கே மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வரும் பெயர், கேரளத்தோடு தொடர்பில்லை. பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணுவது வெளியூரார் அடிக்கடி செய்யும் தவறு.

சேர்வராயன் மலையில் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகள். ஊருக்கு ஒரு தலைவர், ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்ற அடுக்கு இங்கே இருந்தது. திருமணம், மணமுறிவு, நிலத்தகராறு, குற்றத்துக்குத் தண்டம் ஆகியவை இந்த அவைகளின் பொறுப்பு. 1918-ல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி இம்மலைகளின் நாட்டுப் பிரிவுகளைப் பதிவு செய்துள்ளது. இந்த மலையின் தலைமை ஊரான ஏற்காட்டின் பெயர் காடு என்று முடிகிறது. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் அது என்பது பொதுவான விளக்கம். ஆங்கிலேயர் தோட்டமும் பங்களாவும் அமைத்த ஊர் காடு, அதைச் சுற்றியுள்ள பழங்குடி ஊர்கள் நாடு என்ற நிலை வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

சேலநாடு என்ற பெயரிலிருந்து சேலம் வந்தது என்று கருதுவோர் உண்டு. மலையைக் குறிக்கும் சைலம், சேரரைக் குறிக்கும் சேரலம் ஆகியவற்றிலிருந்து வந்தது என்போரும் உண்டு. சேலையிலிருந்து வந்தது என்பது நெசவூர் என்ற பெருமையில் பிறந்த பிற்காலக் கதை.

அண்டை மொழிகளில்

நீலகிரியில் படகர்கள் தங்கள் வாழிடத்தைத் தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தெநாடு என நான்காகப் பகுத்துள்ளனர். குடகு முன்பு 12 கொம்புகளாகவும் 35 நாடுகளாகவும் பிரிந்திருந்தது. கக்கப்பே அருகே 1792-ல் கட்டப்பட்ட அரண்மனைக்கு நாலுநாடு அரண்மனை என்று பெயர். கொல்லிமலை, சேர்வராயன் மலை, நீலகிரி, குடகு என மேட்டுநிலங்களில் எல்லாம் நாடு தன் பழைய சிறிய அளவிலேயே நின்றுவிட்டது.

கன்னடச் சமவெளியில் அரச கல்வெட்டுகள் பனவாசி 12000, கங்கவாடி 96000 என நிலப்பிரிவின் பெயரோடு எண்ணைச் சேர்த்தன. 9ஆம் நூற்றாண்டின் கவிராஜமார்க்கம் கன்னட நாட்டைக் காவிரிக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்டது என வரையறுத்தது. மொழியின் பெயரால் ஒரு நாட்டுக்கு எல்லை சொன்ன நூல்களில் அது முக்கியமானது. இன்று மைசூர்த் தசரா நாடஹப்பம், மாநிலப் பாடல் நாடகீதம். தாலுகாவுக்குக் கீழுள்ள வருவாய் அலுவலகத்துக்கு நாடகச்சேரி என்று பெயர். கர்நாடகத்தில் சாதிச் சான்று வாங்கப் போகிறவர் ‘நாட்டுக் கச்சேரி’க்குத்தான் போகிறார். ஆக, ஒரே மொழியில் மாநிலப் பெருமைக்கும் அடிமட்ட அலுவலகத்துக்கும் இச்சொல் பயன்படுகிறது.

கேரளத்தில் வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு, வயநாடு என்பவை நாடுவாழிகளின் ஆட்சிப்பகுதிகள். இன்றைய மலையாளத்தில் நாடு என்றால் முதலில் மனத்தில் வருவது சொந்த ஊர். துபாயில் வேலை செய்பவர் ‘நாட்டில் போகிறேன்’ என்றால் இந்தியாவுக்கு என்று பொருளாகலாம், கொச்சியில் வேலை செய்பவர் அதையே சொன்னால் தன் கிராமத்துக்கு என்று பொருள். தேசத்தைக் குறிக்க அங்கே ராஜ்யம் என்ற சொல் வந்துவிட்டது. சமஸ்தானத்துக்கு நாட்டுராஜ்யம் என்று பெயர்.

ஆந்திரத்தில் ரேநாட்டுச் சோழர்களின் கலமல்லக் கல்வெட்டு தெலுங்கின் மிகப் பழைய கல்வெட்டாகக் கருதப்படுகிறது. வெலநாடு, பலநாடு, பாகநாடு போன்றவை பழைய வட்டாரங்கள். 2022-ல் பலநாடு மாவட்டமாகவே ஆனது. இடம்பெயர்ந்த மக்கள் இந்நாட்டுப் பெயர்களைச் சாதி உட்பிரிவாகத் தூக்கிச் சென்றனர். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் முலகநாட்டுப் பிராமணர். நிலம் கைவிட்டுப் போன பிறகும் நாடு ஒரு குடும்ப அடையாளமாக மிஞ்சியது.

நாட்டுக்கோழியும் சீமைக்கருவேலமும்

நாட்டு என்று பெயரடையாகும்போது இச்சொல் வேறொரு பாதையில் சென்றது. நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டுச்சர்க்கரை, நாட்டு மருந்து, நாட்டு ஓடு ஆகியவற்றில் நாடு என்பது எந்தக் குறிப்பிட்ட நாட்டையும் சொல்வதில்லை. வெளியிலிருந்து வராதது, இந்த மண்ணுக்குப் பழையது என்பதே பொருள். இதன் எதிர்ச்சொல் சீமை. எல்லை என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்து, முதலில் கொங்குச்சீமை என்று வட்டாரத்தையே குறித்த இச்சொல், பிறகு இங்கிலாந்தைக் குறித்தது. சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைப்பசு எல்லாம் அப்படி வந்தவை. சேலம், நாமக்கல் புஞ்சைகளில் பரவிய சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதற்கு எதிராகப் பழைய கருவேலம் ‘நாட்டுக் கருவேலம்’ என்ற புதுப்பெயர் பெற்றது. எதிரி வந்த பிறகுதான் பலவற்றுக்கு ‘நாட்டு’ என்ற அடை தேவைப்பட்டிருக்கிறது.

கோழிக்கும் இதுவே நடந்தது. நாமக்கல் இந்தியாவின் பெரிய முட்டை உற்பத்தி மையங்களுள் ஒன்று. பண்ணை முட்டைக்கு நாள்தோறும் மண்டல விலை அறிவிக்கப்படுகிறது. பண்ணைக்கோழி பெருகுவதற்கு முன் வீட்டுக் கொல்லையில் மேய்ந்தது வெறும் கோழிதான். இன்று அது நாட்டுக்கோழி, விலையும் கூடுதல். கன்னடத்தில் ‘நாட்டி கோளி’, தெலுங்கில் ‘நாட்டு கோடி’, மலையாளத்தில் ‘நாடன் கோழி’ என்று நான்கு மொழிகளும் ஒரே வழியில் ஒரே சொல்லை எடுத்தன. 2023-ல் ஆஸ்கார் விருது பெற்ற ஆர்.ஆர்.ஆர். படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடலில் வருவதும் இந்த நாட்டுதான்.

சர்க்கரையில் எதிர்ச்சொல் சீமையாக இல்லை. பரமத்தி வேலூர் பக்கம் பிலிக்கல்பாளையம் வெல்லச்சந்தைக்குப் பெயர் பெற்றது. அங்கு வெல்லத்தோடு நாட்டுச்சர்க்கரையும் வரும். ஆலை வெள்ளைச் சர்க்கரைக்குக் கொங்குப் பகுதியில் அஸ்கா என்ற பெயர் உண்டு. ஒடிசாவில் உள்ள அஸ்கா என்ற ஊரின் சர்க்கரை ஆலையால் வந்தது அது. ஒரு ஊரின் பெயர் பொருளுக்குப் பெயரானது, அதற்கு எதிராக நாடு நின்றது.

நாட்டார்

சோழர் காலத்தில் நாட்டார் என்றால் நிலமும் அதிகாரமும் உடையவர். பிற்காலத்தில் நாட்டாண்மை, நாட்டாமை என்பவை ஊர்த்தலைமையைக் குறித்தன. 1994-ல் வந்த ‘நாட்டாமை’ படம் கொங்குப் பின்னணியில் அந்தத் தலைமையைப் பெருமையாகக் காட்டியது. அதே காலத்தில் பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காற்றியல் என்ற துறை வளர்ந்திருந்தது. நா. வானமாமலை போன்றோர் தொகுத்த பாடல்கள் நாட்டார் பாடல்கள். இங்கே நாட்டார் என்றால் எழுத்தறியாத, நிலமில்லாத உழைப்பாளியும் சேர்ந்த பொதுமக்கள். கல்வெட்டில் நாட்டார் என்ற பெயருக்குள் இடம் கிடைத்திராதவர்களின் பாட்டுக்கே இன்று அந்தப் பெயர். கல்வெட்டியல் படிக்கும் மாணவரும் நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் மாணவரும் ஒரே சொல்லை எதிரெதிர்ப் பொருளில் கற்கின்றனர்.

அரசியலில் நாடு

அண்ணாதுரை 1942-ல் தொடங்கிய வார இதழின் பெயர் ‘திராவிட நாடு’. 1944 ஆகஸ்ட் 27-ல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. அக்காலத்தில் அவ்வியக்கம் கேட்ட நாடு தனியரசு. இந்தப் பொருளில் நாடு தேசத்துக்கு இணையான சொல்.

தமிழ்நாடு என்ற பெயருக்கான கோரிக்கை அதிலிருந்து வேறானது. சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் உண்ணாநோன்பு தொடங்கி அக்டோபர் 13-ல் உயிர்நீத்தார். அவர் காங்கிரசுக்காரர், காந்தியவாதி. அவர் முன்வைத்த கோரிக்கைகளில் சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவதும் ஒன்று. 1961-ல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதா தோற்றது. 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-ல் பெயர் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்கு முந்தைய காங்கிரஸ் கமிட்டியின் ஆங்கிலப் பெயரில் ‘தமிழ்நாட்’ என்று உகரமின்றி இருந்த சொல், மாநிலத்தின் பெயரில் உகரத்தோடு எழுதப்பட்டது.

சொல்லின் அளவு குறித்த ஐயம் அதன் பிறகும் இரண்டு முறை பொதுவெளிக்கு வந்தது. 2021 ஜூலையில் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த எல். முருகன் ஒன்றிய இணையமைச்சரானபோது அவரைப் பற்றிய குறிப்பில் சொந்த இடம் ‘கொங்கு நாடு, தமிழ்நாடு’ என்று இருந்தது. கொங்கைத் தனி மாநிலமாக்கும் திட்டமோ என்ற விவாதம் வாரக்கணக்கில் நடந்தது. ஒரே வரியில் இரண்டு நாடுகள் வந்ததே காரணம். ஒன்று 24 நாடுகளைக் கொண்ட பழைய மண்டலம், மற்றது அரசியலமைப்பின்படி அமைந்த மாநிலம். 2023 ஜனவரி 4-ல் ஆளுநர் ஆர். என். ரவி, தமிழகம் என்பதே பொருத்தமான சொல் என்று பேசினார். அரசியல் கட்சிகள் எதிர்த்தன, சட்டமன்றத்திலும் வெளியிலும் போராட்டங்கள் நடந்தன. ஜனவரி 18-ல் வெளியிட்ட விளக்கத்தில், காசிக்கும் தமிழர்க்கும் இருந்த பழைய தொடர்பைப் பற்றிப் பேசும்போது வரலாற்றுப் பொருளில் அச்சொல்லைப் பயன்படுத்தியதாகவும், அக்காலத்தில் தமிழ்நாடு என்ற பெயர் இல்லை என்றும், பெயர் மாற்றத்தைக் கோரவில்லை என்றும் அவர் தெரிவித்தார். சிலப்பதிகாரத்தில் தமிழும் நாடும் சேர்ந்து வருவதை மறுப்பாளர்கள் எடுத்துக்காட்டினர். நாடு என்றால் தனித்தேசம் என்ற ஒரே பொருளை வைத்துக்கொண்டு இருதரப்பும் வாதிட்ட அந்த வாரங்களில், கொல்லிமலையின் 14 நாடுகள் விவாதத்துக்கு வரவேயில்லை.